நோட்டை வைத்திருந்தவன் சொல்வது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் துருக்கி நாட்டு ரமலான் பழக்கம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை போட்டிருந்தீர்கள். பழைய காலத்து இஸ்தான்புல்லில் வசதியுள்ள மனிதர் ஒருவர், தன்னை யாரும் அறியாத பகுதியாகப் பார்த்துப் போவாராம். அங்கே ஒரு மளிகைக் கடையில் ஏறி, "ஸிமெம் தெஃப்தெரி இருக்கிறதா?" என்று கேட்பாராம். கடன் நோட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. (நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் வாயில் புழங்கிய 'தப்தர்'தான் அந்தத் தெஃப்தெரி என்று நினைக்கிறேன்.) முதலில் சில பக்கம், நடுவில் சில பக்கம், கடைசியில் சில பக்கம் என்று கூட்டச் சொல்லி, மொத்தத்தையும் எண்ணி வைத்து, "இந்தக் கடனை அடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவாராம். கொடுத்தவர் யாரென்று கடன்பட்டவருக்குத் தெரியாது. யார் கடனை அடைத்தோம் என்று கொடுத்தவருக்கும் தெரியாது. இன்றைக்கும் துருக்கியில் ரமலான் மாதத்தில் இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கட்டுரை முடிந்திருந்தது.

நல்ல கட்டுரை. குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் எழுதியவர் கொடுத்தவரைப் பற்றி எழுதினார், கடன் தீர்ந்தவரைப் பற்றி எழுதினார். நடுவில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தானே, அவனைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் அந்த நோட்டை வைத்திருந்தவன். இஸ்தான்புல்லில் இல்லை, வடசென்னையில். 1979 முதல் 2021 வரை, 42 வருஷம்.

திருச்செந்தூர் பக்கத்துக் கிராமம் எனக்கு. 1968-ல் பதின்மூன்று வயசில் டிரெயின் ஏறி, மாமா கடையில் பொட்டலம் மடிக்கச் சேர்ந்தேன். பதினோரு வருஷம் கழித்துச் சொந்தக் கடை. பத்துக்குப் பன்னிரண்டு அடி. எந்தப் பேட்டை, எந்தத் தெரு என்று எழுதவில்லை. காரணம் கடைசியில் சொல்கிறேன்.

கடை வாசலில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று போர்டு மாட்டியிருந்தேன். எல்லா அண்ணாச்சி கடையிலும் மாட்டியிருக்கும். அந்தப் போர்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் எல்லோரும் "எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்பார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள், மீன் கூடைக்காரம்மாக்கள், அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர்கள். மழை பெய்தால் பாதித் தெருவுக்கு வேலை கிடையாது. கடன் கொடுக்காமல் அந்தத் தெருவில் கடை நடத்த முடியாது.

நோட்டில் பெயர் எழுத மாட்டோம். பிள்ளையார் சுழி போட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம். தலைப்பில் 'நீலக் கதவு', 'மாடி டெய்லர்', 'குழாயடி', 'ரெண்டு பொண்ணு' என்று இருக்கும். எனக்கும் கடைப் பையனுக்கும் மட்டும் விளங்கினால் போதும். வாடிக்கையாளர் கையில் ஒரு சின்னச் சிட்டை இருக்கும். நான் நோட்டில் எழுதுவதை அதிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தச் சிட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னை மாட்டிவிட்டது இதுதான்.

1987, மே மாதம். கத்திரி வெயில். ரமலானின் கடைசிப் பத்து நாள் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி பத்தரைக்குக் கடை கட்டுகிறேன். அப்போது ஷட்டர் கிடையாது, நம்பர் போட்ட பலகைகள். நாலாம் நம்பர் பலகை கையில் இருக்கும்போது ஒரு பாய் வந்து நின்றார். அறுபது வயசு இருக்கும். கட்டம் போட்ட கைலி, வெள்ளைச் சட்டை. எங்கள் தெருக்காரர் இல்லை. துணி சோப்பு ஒன்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். போகாமல் நின்றார்.

"அண்ணாச்சி, நோட்டுல ரொம்ப நாளா இழுத்துக்கிட்டிருக்கிற பாக்கி எத்தனை இருக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. வட்டிக்கு விடுகிறவர் யாரோ ஆள் பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "எதுக்குக் கேக்குறீங்க?" என்றேன். "பேரு வேணாம். தொகையை மட்டும் படிங்க" என்று சொல்லிவிட்டு, நோட்டு கண்ணில் படாமல் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. படித்தேன். பதினோரு பாக்கி. மொத்தம் 1,840 ரூபாய். இடுப்புப் பச்சை பெல்ட்டின் பையைத் திறந்து எண்ணி வைத்தார்.

"யார் குடுத்தாங்கன்னு கேட்டா என்ன சொல்ல?" என்றேன்.

"யாரும் குடுக்கலன்னு சொல்லுங்க."

படியிறங்கப் போனவர் திரும்பி ஒன்று சொன்னார். "குடிக்கிறவன்னு யாரையும் தள்ளிடாதீங்க. அவன் வீட்லயும் புள்ளைங்கதான் சாப்பிடுது." அப்புறம் சோப்புக்குத் தனியாகக் காசு கொடுத்து, மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு போனார். 1,840 ரூபாயை அப்படியே வைத்துவிட்டு, சோப்புக்கு மீதி 35 காசை எண்ணி வாங்கியவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இதுவரைக்கும் உங்கள் கட்டுரையில் உள்ள கதைதான். இனிமேல்தான் நோட்டு வைத்திருந்தவனின் கதை.

மறுநாள் காலை ஏழரை மணி. கடையில் கூட்டம். 'நீலக் கதவு' அம்மா வந்தார். மீன் விற்கிறவர். புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். பாட்டிலை நீட்டி அரை லிட்டர் எண்ணெய் கேட்டு, "எழுதிக்கோங்க அண்ணாச்சி, சனிக்கிழமை பழசும் கொஞ்சம் தர்றேன்" என்றார். எனக்கு ராத்திரியிலிருந்தே வாய் நமநமவென்று இருந்தது. நல்ல சேதியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "பழசெல்லாம் தீந்துபோச்சும்மா, புண்ணியவான் ஒருத்தர் வந்து கட்டிட்டுப் போயிட்டாரு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஐந்தாறு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தம்மா முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் பாட்டிலில் பாதி இறங்கியிருந்தது. "திருப்பி ஊத்திடுங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னார். புனலைத் தகரத்துக்கு மாற்றி, பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் ஊற்றும்போது வேகமாக இறங்கும். திருப்பி ஊற்றும்போது கடைசி நூல் அறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது தெரியுமா? கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் காலி பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு என் கடைப் படி ஏறவே இல்லை. ரெண்டு தெரு தள்ளி வேறு கடைக்குப் போனார்.

1989 பொங்கலுக்கு முன்னால் அவருடைய மூத்த பையன் வந்தான். செய்தித்தாளில் மடித்த பொட்டலத்தை நீட்டினான். "அம்மா குடுக்கச் சொன்னாங்க." உள்ளே 164 ரூபாய். பாய் அன்றைக்கு அடைத்த பாக்கி காசு குறையாமல். "இது கட்டியாச்சுப்பா" என்றேன். "குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அந்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டிருந்தாலும் அதையும் நாலு பேர் நடுவில்தான் கேட்டிருப்பேன். அப்போது என் புத்தி அவ்வளவுதான்.

பசுவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டாலும், கேட்கிற நாக்குக்கு அதைப் போல இழிவு இல்லை என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். அந்தம்மா கேட்கவே இல்லை. கேட்காதவரைக் கேட்டவராக ஆக்கியது என் வாய்.

அடுத்த ரமலானில் பாய் மறுபடியும் வந்தார். அதே நேரம், அதே கைலி. இந்த முறை சாமர்த்தியமாக நடந்துகொள்ள வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். ரிக்‌ஷாக்காரர் ஒருவர் கணக்கைக் கேட்டபோது, "நோட்ட எலி கடிச்சிருச்சு அண்ணே, உங்க பக்கம் போச்சு, இனிமே புதுசா எழுதிக்கலாம்" என்றேன். மளிகைக் கடையில் எலிக்குப் பஞ்சமா? நம்புவார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையில் கைவிட்டுச் சிட்டையை எடுத்து என் முன்னால் போட்டார். "அதுக்கென்ன அண்ணாச்சி, இதுல இருக்குது. நூத்திப் பதினேழு ரூபா அறுபது காசு. பார்த்து எழுதிக்கோங்க." நான் என்ன செய்வேன்? பார்த்து எழுதிக்கொண்டேன். எழுதாமல் எப்படி இருப்பது? அவர் மாசாமாசம் பத்து ரூபாய் கட்ட, அதை வாங்கித் தனியாக வைக்க, அது ஒரு பெரிய தலைவலியாகப் போயிற்று.

இந்த மாதிரித் திரும்பி வந்த பணத்துக்காக நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'தர்மம்' என்று தலைப்புப் போட்டேன். பாய் வராத மாசங்களில் யாராவது அடியோடு முடங்கிவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து கழித்தேன். நீலக் கதவு அம்மாவின் 164-ம் பிற்பாடு அங்கேதான் போயிற்று.

மூன்றாவது வருஷம்தான் வழி பிடிபட்டது. முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது. தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். குரல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. "உங்க கணக்குல கூட்டல் தப்பாப் போட்டிருக்கேன், போன மாசத்தோட சரியாப் போச்சு." இதைச் சொல்லி மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிட வேண்டும்: "பருப்பு அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டால் போச்சு. அந்த இடைவெளியில்தான் மனுஷனுக்குக் கூச்சம் வந்து உட்காருகிறது. கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய அவசரத்தில், "அரைக் கிலோ போதும்" என்பார்கள். எடை போட்டு, சணல் கட்டி, கொடுத்து அனுப்பி, அடுத்த ஆள். சிட்டையில் நானே கோடு இழுத்து 'சரி' என்று எழுதிவிடுவேன்.

நம்பினார்களா என்றால், பாதிப் பேர் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்கவில்லை. நான் தராசைப் பார்த்தேன், அவர்கள் பருப்பைப் பார்த்தார்கள். குழாயடிப் பாட்டி மட்டும், "உன்ன நம்பி எப்படிடா உங்கப்பன் கடைய வச்சிக் குடுத்தான், ஒண்ணும் ரெண்டும் கூட்டத் தெரியல" என்று நாலு பேர் கேட்கத் திட்டினார். அதிலிருந்து கணக்குத் தெரியாத அண்ணாச்சி என்று தெருவில் எனக்குப் பெயர். நான் சொன்ன விலையை எல்லோரும் ஒரு தடவை விரல்விட்டுச் சரிபார்ப்பார்கள். 42 வருஷம் வியாபாரம் செய்தவனுக்கு இது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரிக்குக்கூடச் சொன்னதில்லை. 1990-ல் பாய் வந்து தொகையைப் படிக்கச் சொன்னபோது, ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துகொண்டு ஓடிப்போன ஒரு வீட்டின் பாக்கியையும் சேர்த்துப் படித்தேன். 310 ரூபாய். வராது என்று நான் கைகழுவிய பணம். ரொம்ப நாளாக இழுக்கிற பாக்கிதானே கேட்டார், இதைவிட நாள்பட்டது எது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பாய் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் படிக்கிறேன். அவர் எண்ணி வைக்கிறார். அதில் 310 என் கல்லாவுக்கு. எந்த ஏழைக்கும் அதில் ஒரு பைசா லாபமில்லை. மூன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாலாம் நாள் எடுத்துத் தர்மப் பக்கத்தில் வரவு வைத்தேன்.

அதனால்தான் உங்கள் கட்டுரையில், முதல் பக்கம், நடுப் பக்கம், கடைசிப் பக்கம் என்று கொடுப்பவரே சொல்வார் என்ற இடத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதைக் கட்டுரையாளர் ஏதோ விளையாட்டு மாதிரி எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தப் பக்கம் என்பதைக் கடைக்காரன் கையில் விட்டால், வராக்கடனை அதில் தள்ளுவான், தனக்கு வேண்டியவனைச் சேர்ப்பான், பிடிக்காதவனை விடுவான். இஸ்தான்புல்காரர்கள் யாரோ ஒரு கடைக்காரனிடம் ஏமாந்த பிறகுதான் அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்பது என் ஊகம். எங்கள் பாய் என் பேரில் வைத்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம்.

பாய் ஆறு வருஷம் வந்தார். ரமலான் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகருமல்லவா, முதல் தடவை கத்திரி வெயிலில் வந்தவர் 1992-ல் மார்ச் கடைசியில் வந்தார். 1993-ல் நோன்பு முடிகிறவரைக்கும் ஒரு பலகையைச் செருகாமல் பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. விசாரிக்க வழியும் இல்லை. எந்த ஊர், என்ன தொழில், பெயர் என்ன, ஒன்றும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே.

அவருக்குப் பிறகும் இரண்டு மூன்று பேர் உண்டு. துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், மனைவியின் திதியன்று காக்கைக்கு வைத்துவிட்டு நேரே கடைக்கு வந்து ஏதாவது ஒரு கணக்கைத் தீர்ப்பார். ஆனால் "யாருக்குன்னு சொல்லுய்யா" என்று ஒவ்வொரு வருஷமும் நச்சரிப்பார். சொல்ல மாட்டேன். கோபித்துக்கொண்டு போவார், அடுத்த வருஷமும் வருவார். ஒரு தேர்தல் சமயத்தில் வேறு ஒருவர் வந்தார். இருபது பேர் கடனை அடைக்கிறேன், எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை கடை முன்னால் நிற்க வையுங்கள், போட்டோகிராபரைக் கூட்டி வருகிறேன் என்றார். நோட்டே இல்லை, நான் ரொக்க வியாபாரம் மட்டும்தான் என்று சொல்லி மேலே போர்டைக் காட்டினேன். வாழ்நாளில் அந்தப் போர்டு உபயோகப்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். அவர் அதற்குப் பிறகு தன் வீட்டு விசேஷத்துக்கு வாங்குவதாக இருந்த மூன்று மூட்டை அரிசியை வேறு கடையில் வாங்கினார். போகட்டும்.

பெயர் தெரியாமல் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. என் அம்மா உலையில் அரிசி போடுவதற்கு முன்னால், களைந்து வைக்கப் போகிற அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிப்பானையில் போடுவாள். வாரத்துக்கு ஒரு நாள் ஆள் வந்து எல்லா வீட்டுப் பானையையும் ஒரே சாக்கில் கொட்டிக்கொண்டு போவார். சாக்கில் விழுந்த பிறகு எது யார் வீட்டு அரிசி? எங்கள் வீட்டிலேயே அரிசி தட்டுப்பாடான நாள் உண்டு. அன்றைக்கும் பிடி சின்னதாகுமே தவிர நிற்காது. விருதுநகரில் காமராஜர் படித்த பள்ளிக்கூடம் இந்தப் பிடியரிசியிலும் வியாபாரிகளின் மகமையிலும் வளர்ந்ததுதான். மகமை என்பது மூட்டைக்கு இவ்வளவு என்று உறவின்முறைப் பொதுக் கணக்கில் வியாபாரி போடுகிற காசு. அந்தக் காசில் படித்த பையனுக்கு எந்தக் கடை மிளகாய் மூட்டை தன்னைப் படிக்க வைத்தது என்று தெரியாது. வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே இலையில் உட்காருகிறவரிடம் நீ யார் என்று கேட்பதில்லை.

அதே நம் ஊரில்தான், கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று ஆரம்பித்து அப்பா பேர், தாத்தா பேர், கடை பேர் எல்லாம் பெயின்டில் எழுதி, வெளிச்சம் வெளியே வர இடமில்லாமல் செய்கிறோம். எங்கள் ஊர்க் கோயிலில் என் பெயரிலும் ஒன்று எரிகிறது. நான் ஒன்றும் மகாத்மா இல்லை.

இஸ்தான்புல் பற்றிக் கட்டுரையில் விட்டுப்போன ஒன்று: அங்கே தர்மக் கல் என்று ஒன்று உண்டு. எங்கள் தெருவில் கப்பலில் வேலை பார்த்த ஒருவர் சொன்னார். பிறகு பேரன் போனில் படம் காட்டினான். ஆள் உயரத்துக்கு ஒரு கல் தூண், உச்சியில் கிண்ணம் போலக் குழி. மசூதி ஓரத்திலோ தெரு முக்கிலோ நிற்கும். இருப்பவர் குழிக்குள் கைவிட்டுக் காசு போடுவார். இல்லாதவர் கைவிட்டுத் தேவைக்கு எடுப்பார். கை மேலே போவதுதான் மற்றவர் கண்ணுக்குத் தெரியும். போட்டதா எடுத்ததா என்று தெரியாது. உஸ்குதார் பக்கம் சில கற்கள் இன்னும் நிற்கின்றனவாம். கல்லுக்கு வாய் கிடையாது. என்னைவிட அது எவ்வளவோ மேல். 2017-ல் சென்னை பெசன்ட் நகரில் 'ஐயமிட்டு உண்' என்று பெயரிட்டு ஒரு ஃபிரிட்ஜ் வைத்தார்கள். உணவை வைக்கிறவர் வைக்கலாம், எடுக்கிறவர் எடுக்கலாம். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கதவைத் திறக்கிற கையைப் பார்த்து, வைக்க வந்தவரா எடுக்க வந்தவரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கல்லின் ஜாதிதான் இதுவும்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். நோட்டு போய்விட்டது ஐயா. என் கடை இருந்த இடத்துக்கு நூறு அடி தள்ளி ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட் வந்தது. அங்கே விலை குறைவுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் "எழுதிக்கோம்மா" என்று சொல்ல முடியாது. கடன் வேண்டுமென்றால் போனில் செயலி கொடுக்கிறது. தவணை தப்பினால் வேறு யாரோ எங்கிருந்தோ கூப்பிட்டுத் திட்டுகிறார்கள். அந்தக் கடனை ஒரு பாய் எந்தக் கடையில் போய் நின்று அடைப்பார்? என் கடையிலும் கடைசி இரண்டு வருஷம் பணம் வந்தால் கத்துகிற அந்தப் பெட்டியை வைத்திருந்தோம். போனில் அனுப்பினால் அனுப்பியவர் பெயரோடு வருகிறது, பெட்டி தொகையைத் தெருவுக்கே அறிவிக்கிறது. 2020 ஊரடங்கில் ஒரு தம்பி ஐயாயிரம் ரூபாய் அனுப்பி, "பெயர் வேண்டாம், யாருக்காவது அரிசி கொடுங்க அண்ணாச்சி" என்றான். அதற்குள் பெட்டி கத்திவிட்டது. வரிசையில் ஆளுக்கு ஒரு வட்டத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 1987-ல் நான் செய்ததை அந்தப் பெட்டி செய்தது. அன்று மாலையே அதன் வயரைப் பிடுங்கினேன்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். துருக்கிக் கட்டுரை வந்த அதே நாள் இதழில், உள்பக்கத்தில் ஒரு படம் வெளியாகியிருந்தது. ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று. அதைப் பிடித்திருக்கும் கைகளை எண்ணினேன். எட்டு. ஒன்பதாவது கை ஒரு வயசான அம்மாவுடையது. எட்டுப் பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அந்தம்மா பையைப் பார்க்கிறார். படத்துக்குக் கீழே எட்டுப் பேர் பெயரும் இருந்தது, அந்தம்மா பெயர் இல்லை. ஆனால் முகம் இருந்ததே, பெயர் எதற்கு? நாளைக்கு அந்தம்மா பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடப் போவார். பால் வாங்கப் போவார். 2015 வெள்ளத்தில் வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய கதையை நாடே பேசிச் சிரித்தது. இதுவும் அதுதான், மனுஷர் முகத்தில் ஒட்டுகிறோம். கொடுப்பவர்கள் படம் போடச் சொல்லித் தங்களை நெருக்குவார்கள் என்று தெரியும். விளம்பரமும் அவர்களிடமிருந்து வர வேண்டும். வியாபாரி எனக்கு அது புரியாதா? கொடுத்தவர் படத்தைப் பெரிசாகவே போடுங்கள், வேண்டுமானால் டியூப்லைட் மாதிரிப் போடுங்கள். வாங்குகிறவர் முகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பையை நீட்டுகிற கை வரைக்கும் போட்டால் போதாதா?

இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். பெயர், முகவரி, போன் நம்பர் தங்கள் பார்வைக்காகத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். தன்னடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நீலக் கதவு வீட்டுப் பையனுக்கு இப்போது ஐம்பது வயசு இருக்கும். மாடி டெய்லரின் மகள் தங்கள் நாளிதழைத்தான் வாங்குகிறாள், எனக்குத் தெரியும். குழாயடிப் பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனால் அவர் பேரன்கள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். என் பெயரைப் பார்த்தால், அண்ணாச்சி நம் வீட்டுக் கணக்கிலும் ஒரு தடவை கூட்டல் தப்பு என்று சொன்னாரே என்று வீட்டுக்கு வீடு உட்கார்ந்து கூட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குக் கணக்கு வராது என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மளிகைக் கடைக்காரர்,
வடசென்னை.